மலையை விற்ற கணக்கு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டுகிற எவர் கண்ணுக்கும் அந்தச் சுண்ணாம்பு மலைகள் தப்புவதில்லை. சிம்பாங் பூலாய் பக்கம் வந்தால் ஒரே மலையின் ஒரு பாதி காடு போர்த்திப் பச்சையாக நிற்கும். மறு பாதி வெடிவைத்துச் சீவப்பட்டு வெளுத்து நிற்கும். வளர்ச்சியா, இயற்கையா என்று மேடைக்கு மேடை கேட்கப்படும் கேள்விக்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது. ஒரு தட்டில் வேலை, வருமானம், சிமெண்டு. மறு தட்டில் மரம், ஆறு, பறவை. இரண்டையும் சமமாக நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு இந்தத் தராசுப் பேச்சு ஒப்புவதில்லை. இரண்டு தட்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆளின் முன்னால் இருப்பதாக அது நம்மை எண்ண வைக்கிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் வரலாற்றில் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. அங்கே வரவு முதலில் வந்தது, ஒருவர் கைக்கு வந்தது. செலவோ பல காலம் கழித்து வேறொருவர் வாசலில் வந்து நின்றது. பேராக் மாநிலத்தில் இதுவரை நடந்ததைத் தொடர்ந்து பார்த்தால், எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு இயற்கை என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. யார், எப்போது, எதற்குப் பணம் கட்டுகிறார் என்பதே முதல் கேள்வி.

ஈயத்திலிருந்து தொடங்கலாம். 1880-களில் கிந்தாவில் ஈயவேட்டை சூடு பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. அதில் பேராக்கின் பங்கு பெரியது. ஆற்றோரக் கம்பமாக இருந்த ஈப்போ கோடீஸ்வரர்களின் நகரம் என்று பெயரெடுத்தது. ரயில் நிலையம், வங்கிகள், மாளிகைகள் எல்லாம் ஈயம் கட்டியவை. இதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்த ஈயம் கட்டியாகக் கிடைக்கவில்லை. வண்டல் மண்ணில் கருமணலாகக் கலந்து கிடந்தது. கோப்பெங் வட்டாரத்தில் மலையிலிருந்து குழாய்வழி தண்ணீரை இறக்கி, அந்த அழுத்தத்தாலேயே சரிவுகளைக் கரைத்தார்கள். பள்ளங்களில் கிராவல் பம்பு வைத்து உறிஞ்சினார்கள். சதுப்பு நிலத்தில் மிதந்தபடி மண்ணை வாரும் ஈயக்கப்பல்களை ஓட்டினார்கள். எந்த முறையானாலும் ஒரு கைப்பிடி ஈயத்துக்கு வண்டி வண்டியாகச் சேறு மிஞ்சியது, அது ஆற்றில் போய் விழுந்தது. படுகை மேடிட்டது, கரை உடைந்தது, கீழ்ப்பக்கத்து வயல்களிலும் கம்பங்களிலும் வெள்ளம் ஏறியது. இதன் உச்சத்தைப் பக்கத்து மாநிலத்தில் பார்க்கலாம். சிலாங்கூரில் கோலகுபு நகரம் ஈயச் சேற்றிலும் வெள்ளத்திலும் மூழ்கிப் பாழாகி, மக்கள் மேட்டு நிலத்துக்கு நகர்ந்து கோலகுபு பாருவைக் கட்ட வேண்டியதாயிற்று. ஈயம் விற்ற லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கும் உள்ளூர் முதலாளிகளுக்கும் போனது. சேறு வாரிய செலவு அரசுக் கருவூலத்திலும் விவசாயி வீட்டிலும் எழுதப்பட்டது.

1985 அக்டோபர் 24-இல் அனைத்துலக ஈய மன்றம் கடனைத் தீர்க்க முடியாமல் கைவிரித்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. விலை பாதியாகச் சரிய, கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய, 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கண்காட்சிப் பொருள். சுரங்கக்காரர்கள் போனபிறகு பின்னால் நின்றவை குட்டைகளும், புல்கூட எளிதில் முளைக்காத மணல் மேடுகளும்தான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். கெட்டதென்ன ஆகிவிட்டது, ஈயக்குட்டைகளில் இன்று மீன் வளர்க்கிறார்களே. கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் பழைய ஈய நிலத்தில்தானே எழுந்தது. தம்புனில் வெந்நீர் ஊற்றும் நீர் விளையாட்டுப் பூங்காவுமாகக் கூட்டம் அலைமோதுகிறதே. பத்து காஜா அருகே கிந்தா இயற்கைப் பூங்காவில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றனவே என்பார்கள். எல்லாம் உண்மை. பாழ்பட்ட நிலம் மீளும் என்பதற்குக் கிந்தாவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்த மீட்சி தானாக நடக்கவில்லை. குட்டையை மூடி மண் கொட்டியவர், அதற்குப் பல்லாண்டு காத்திருந்தவர், இடையில் வேலையில்லாமல் ஊரைவிட்டுப் போனவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தவணை கட்டியிருக்கிறார்கள். ஈயத்தை விற்ற நாளில் ஒரு டன்னுக்குச் சில வெள்ளி என்று சீரமைப்புக்காக எடுத்து வைத்திருந்தால் அதே மீட்சி முன்பே தொடங்கியிருக்கும். அந்தச் சில வெள்ளியால் எந்தச் சுரங்கமும் நொடித்திருக்காது.

ஈயம் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கருமணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அரசு நிறுவனம் பிரித்தெடுக்கும் அதே தாது. மோனசைட்டில் மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய அரிய மண் கனிமங்கள் உண்டு. கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. கழிவென்று கிடந்ததைக் காசாக்கலாம் என்ற எண்ணத்தில் 1979-இல் ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் பதிவானது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலும் உள்ளூர்ப் பங்குதாரர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேரா புதுக்கிராமத்தின் பக்கத்தில் 1982-இல் ஆலை ஓடத் தொடங்கியது. தோரியக் கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே உற்பத்தி தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பாரிட் என்றார்கள், அங்கே எதிர்ப்பு. பிறகு பாப்பான் என்றார்கள். ஜப்பானியர் ஆட்சியில் காட்டுக்குள்ளிருந்த போராளிகளுக்கு சிபில் கார்த்திகேசு மருத்துவம் பார்த்த அதே பாப்பான். 1984-இல் அந்தச் சிற்றூர் மக்கள் திரண்டு நின்று மறியல் செய்தார்கள். பிறகு கிளேடாங் மலைப்பக்கம் என்று முடிவானது.

1985-இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றம் ஏறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987-இல் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது; ஆலை மறுபடி ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் நாடெங்கும் நடந்த லாலாங் கைது நடவடிக்கையில் புக்கிட் மேரா போராட்டக்காரர்களும் சிக்கினார்கள். 1992 ஜூலை 11-இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி நிறுவனம் வென்றது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. அதன்பின் வந்ததுதான் பாடம். ஆலை நின்ற இடத்தையும் கழிவையும் சுத்தம் செய்து, கிளேடாங் மலைக்குள் பாதுகாப்பாகப் புதைக்கும் வேலைக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. ஆலை மூடிப் பதினேழு ஆண்டு கழிந்து, 2011-இலும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. செலவை மிட்சுபிஷி ஏற்றுக்கொண்டது. அதற்கு அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எட்டு ஆண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேறியவர்களின் காலத்தையும், நோய்க்கு ஆலைதான் காரணம் என்று மக்களும் இல்லை என்று நிறுவனமும் வாதிட்ட ஆண்டுகளில் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களின் பயத்தையும் எந்தத் துப்புரவுச் செலவும் திருப்பித் தராது. அமாங்கிலிருந்து அரிய மண் எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கழிவுக்கிடங்கு முதலில், ஆலை பிறகு என்று வரிசையை மாற்றியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. கிடங்குச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் லாபமில்லை என்று தெரிந்திருந்தால், ஆலையும் வந்திருக்காது. இரண்டில் எது நடந்திருந்தாலும் புக்கிட் மேராவுக்கு நல்லதே.

அதே 1992 கோடையில் தி ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நடந்தது. பசிபிக் தீவு நாடான நவ்ரு, தன் பாஸ்பேட் பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்துப்போன ஆஸ்திரேலியாவை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. வெட்டிய நிலத்தைச் சீர்செய்யும் கடமை யாருடையது என்பதுதான் கேள்வி. 1993-இல் சமரசமானது, ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பாறை போய்விட்டிருந்தது. பணத்தைக் கொண்டு தீவின் நடுப்பகுதியை மீண்டும் விளைநிலமாக்குவது இன்னும் கனவுதான். பின்னால் வாங்கும் ஈட்டுத்தொகைக்கும் முன்னால் எடுத்து வைக்கும் வைப்புத்தொகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பேராக்கின் கதையில் தமிழர் பங்கு பெரும்பாலும் ரப்பரோடு சேர்ந்தது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டில் காடு வெட்டி எரிக்கப்பட்டு, மலையடிவாரமெல்லாம் பால்மரத் தோட்டமானது. தோட்டம் பச்சையாக இருப்பதால் அதை இயற்கை என்று நினைத்துவிடுகிறோம். தொடக்க காலத் துரைமார்களுக்குத் தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. களையை வேரோடு பிடுங்கி மண்ணை மொட்டையாக வைப்பதே நல்ல நிர்வாகம் என்று நம்பினார்கள். கங்காணியின் கண்பார்வையில் தமிழ்த் தொழிலாளிகள் அதைச் செய்தார்கள். மழைக்கு மேல்மண் கழுவிப் போய் ஆறுகளில் படிந்தது. மண் போகிறது என்று புரிந்து, நிலத்தை மூடிப் படரும் பயறுவகைக் கொடிகளை இடையில் விதைக்கும் பழக்கம் பிற்பாடுதான் பரவியது. அது பரவியதும், இயற்கைமீது பாசம் வந்ததால் அல்ல; மண் கரைந்தால் பால் குறையும் என்ற கணக்கு துரைமாருக்குப் பிடிபட்டதால்தான். தான் போட்ட முதலே கரைகிறது என்று தெரிந்தால் முதலாளி திருந்துவார். அடுத்தவர் முதல் கரைந்தால் திருந்த மாட்டார்.

தோட்டத்தில் தொழிலாளியின் உழைப்பும் அப்படித்தான் கணக்குக்கு வெளியே நின்றது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அசிஸ் எழுதிய அறிக்கை 1962-இல் வெளிவந்தது. துண்டான தோட்டத்தில் முதலில் போனது வேலை, அடுத்தது லயத்து வீடு. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த இக்கட்டில்தான். தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்குவது என்ற அந்த யோசனையை வெறும் நலத்திட்டமாகப் பார்ப்பது குறைவான பார்வை. நிலத்தில் யாருக்குப் பங்குண்டோ அவருக்குத்தான் நிலத்தின் நாளையைப் பற்றி அக்கறை கொள்ளக் காரணமும் உண்டு என்ற பொருளியல் அதில் இருந்தது. ஆனால் சங்கத்தால் வாங்க முடிந்தது சில தோட்டங்களைத்தான். மற்றவை செம்பனைக்கு மாறின. நகரத்தை ஒட்டியவை குடியிருப்புத் தாமான்களாக மாறின. நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்த அந்த மாற்றத்தில், மூன்று தலைமுறை அங்கே பால்வெட்டியவர்கள் மாற்று வீட்டுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். தோட்டமே இல்லாத ஊரில் தோட்டத்தின் பெயரோடு நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அயர்லாந்துக்காரரோ ஸ்காட்லாந்துக்காரரோ வைத்த பெயர், படிப்பது நம் பிள்ளைகள்.

இடையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் எரித்தார்கள், விறகாக்கினார்கள். பூச்சி அரிக்காமல் பதப்படுத்தும் முறை வந்தபிறகு அதே மரம் ஏற்றுமதித் தட்டுமுட்டுச் சாமான் தொழிலுக்கு முக்கிய மூலப்பொருளானது. காட்டு மரத்தின்மீது இருந்த நெருக்கடியும் அந்த அளவுக்குக் குறைந்தது. வளர்ச்சியும் காப்பும் ஒன்றையொன்று தின்றே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

இப்போது மலைக்கு வருவோம். கிந்தாவின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து சிமெண்டு மட்டுமல்ல, பளிங்குக் கல்லும் வருகிறது. பொடித்த கால்சியம் கார்பனேட் வருகிறது. பற்பசை, பெயிண்டு, பிளாஸ்டிக் குழாய், காகிதம், ரப்பர் கையுறை எல்லாவற்றிலும் அந்தப் பொடி உண்டு. ஆக மலையுடைப்பவரை வில்லனாக்கிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. ஆனால் மலையில் இருப்பது கல் மட்டும்தானா? தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்பு மலைகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு பரப்பில் 1,200-க்கு மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல வேறெங்கும் இல்லாதவை. ஒவ்வொரு மலையும் சமவெளிக்கு நடுவே தனித்து நிற்பதால் நகர முடியாத சிற்றுயிர்கள் அந்தந்த மலைக்கே உரியவையாகத் திரிந்துவிட்டன. செம்மோர் அருகே உள்ள குனோங் காந்தானில் மட்டும் வாழும் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று உண்டு, அங்கே கண்டறியப்பட்டு அந்த மலையின் பெயரையே பெற்ற பல்லி ஒன்று உண்டு, ஒரு மரமும் உண்டு. 2014-இல் விவரிக்கப்பட்ட ஒரு குட்டி நத்தைக்கு, அந்த மலையை அப்போது உடைத்துக்கொண்டிருந்த சிமெண்டு நிறுவனமான லஃபார்ஜின் பெயரையே ஆய்வாளர்கள் சூட்டினார்கள். மரியாதையா, எச்சரிக்கையா என்று கேட்டால் இரண்டும்தான். நிறுவனத்தின் பெயர் ஒட்டிய உயிரினம் அதே நிறுவனத்தின் வெடியில் அழிந்தால், பிறகு அந்தப் பெயரே சாட்சி சொல்லும்.

நத்தைக்கும் சிலந்திக்கும் யார் அழுவார்கள் என்று கேட்பவர்களிடம் டுரியானைப் பற்றிப் பேசலாம். டுரியான் பூ மாலைக்கு மேல் மலர்கிறது. அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாக அடையும் தேன்வௌவாலுக்கு முக்கியப் பங்குண்டு. பெத்தாய் மரத்துக்கும் அதே வௌவால்தான். இரவில் பல கிலோமீட்டர் பறந்துபோய்த் தேன் குடித்துத் திரும்பும். மலேசியா 2024 முதல் சீனாவுக்குப் புதுப் பழமாகவே டுரியான் அனுப்புகிறது. தோட்டக்காரர் உரத்துக்குக் காசு கொடுக்கிறார், மருந்துக்குக் கொடுக்கிறார், கூலிக்குக் கொடுக்கிறார். வௌவாலுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆகவே குகையை இழந்தால் எவ்வளவு நட்டம் என்பது கல்லுடைக்கும் உரிமத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. அந்தக் குகைகளில் மனிதக் கதையும் உண்டு. தம்புன் குகைச் சுவரில் இருக்கும் பழங்காலச் செவ்வோவியங்கள் 1959-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தன. வடக்கே லெங்கோங்கில் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூடு 1990-இல் கிடைத்தது. 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தைப்பூசத்துக்கு ஈப்போ பக்தர்கள் காவடி எடுத்துப்போகும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலும் சுண்ணாம்பு மலையடியில்தான் இருக்கிறது. கோயிலோ விகாரையோ இருக்கும் மலைக்குக் கேட்க ஆளுண்டு. அது இல்லாத மலைக்கு நத்தை மட்டும்தான்.

மலையைத் தொடாதே என்றால் சிமெண்டுக்கு எங்கே போவது? இது நியாயமான கேள்வி. விடை காலடியில் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் வண்டலுக்கு அடியிலும் பரந்து கிடப்பது அதே சுண்ணாம்புப் பாறைதான். ஈயம் தோண்டியவர்கள் பள்ளத்தின் அடியில் அதன் கூர்முனைகளைக் கண்டிருக்கிறார்கள். வெளியே தலைகாட்டும் மலைகள் அதில் சிறு பங்கு. தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி எடுக்கலாம்; ஏற்கெனவே பாதி உடைந்துபோன மலைகளிலேயே ஆழமாகப் போகலாம்; முழுசாக நிற்பவற்றை விட்டுவிடலாம். இதற்கும் தடை சொல்லலாம். பள்ளத்தில் தோண்டினால் நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். இறைத்தால் சுற்றுப்புறத்தில் நிலம் உள்வாங்கும் ஆபத்து உண்டு. கிந்தாவில் திடீரென நிலம் குழிந்த நிகழ்வுகள் புதிதல்ல. ஆகவே எல்லா இடத்திலும் இது முடியாது. ஆழ ஆய்வு வேண்டும், செலவும் கூடும். கூடட்டும். சிமெண்டு விலை கொஞ்சம் ஏறினால் அதைக் கோலாலம்பூரில் அடுக்குமாடி கட்டுபவர் கொடுப்பார். இப்போது அந்தத் தொகையைத் தூசியாக மூச்சில் இழுத்துக் கட்டுபவர்கள் கல்லுடைக்கும் மலையடியில் குடியிருப்பவர்கள்.

விலையைக் கூட்டினால் முதலீட்டாளர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்பது அடுத்த வாதம். கைப்பேசி ஆலைக்கு இது பொருந்தும். அதைப் பெயர்த்து வியட்நாமில் வைக்கலாம். குனோங் ராப்பாட்டைப் பெயர்த்து எங்கே கொண்டுபோவது? கல்லும் தாதுவும் இருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். அந்த விஷயத்தில் பேரம் பேசும் பலம் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு, அதாவது மாநிலத்துக்குத்தான். அப்படியும் ஏன் பேரம் பேசவில்லை என்றால், மாநிலத்துக்கே உடனடிப் பணமுடை இருக்கிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி நிலம், காடு, கனிமம் மாநிலத்தின் பொறுப்பு. வருமான வரி போன்ற பெரிய வரிகளெல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலம் பிழைக்க வேண்டுமானால் மரத்தை வெட்ட உரிமம் கொடுக்க வேண்டும், கல்லுக்கு உரிமக் கட்டணம் வாங்க வேண்டும், நிலத்தை மாற்றிக்கொடுக்க வேண்டும். காட்டை அப்படியே வைத்திருந்தால் பைசா வராது. பேராக் 2007-இல் ராயல் பெலும் காட்டில் சுமார் 1,17,500 எக்டரை மாநிலப் பூங்காவாக அறிவித்தது. நாட்டில் 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகளுக்கு அது முக்கிய அடைக்கலம். பேராக் ஆற்று நீரைத் தேக்கிவைக்கும் மேல்காடும் அதுதான். பயன் நாடு முழுவதுக்கும். வருமான இழப்பு மாநிலத்துக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு தரும் சூழலியல் நிதி மாற்றம் 2019 பட்ஜெட்டில் 6 கோடி ரிங்கிட்டில் ஆரம்பித்து, 2025 பட்ஜெட்டில் 25 கோடியானது. எல்லா மாநிலங்களுக்கும் பங்கு போட்டால் இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு வேலை செய்திருக்கிறது: நிற்கும் காட்டுக்கும் ஒரு வரவு உண்டு என்று மாநில நிதி அதிகாரியின் கணக்குப் பேரேட்டில் எழுத வைத்திருக்கிறது. சுண்ணாம்பு மலைக்கும் அதே வரவு வேண்டும். 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. பலகையும் சுற்றுலா வரைபடமும் வந்தன. பூங்கா என்ற பெயர் மலையைக் காப்பதில்லை. உடைத்தால் வரும் கட்டணத்துக்கு ஈடாக உடைக்காமலிருக்க ஏதாவது வந்தால்தான் காக்கும். இப்படிச் சொல்வதை, இயற்கைக்கு விலைபோடுகிறார்கள் என்று சில நண்பர்கள் வருத்தத்தோடு பார்ப்பார்கள். மலைக்கு விலை இல்லை என்று நாம் நம்பலாம். ஆனால் ஒவ்வொரு கல்லுடைப்பு உரிமமும் அதற்கு விலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதுவும் மிகக் குறைத்து.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் உலு பேராக். கெனெரிங் பகுதியில் 2022-இல் அரிய மண் கனிமத்துக்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. இது அமாங் அல்ல; மலையின் களிமண்ணில் ஒட்டியிருக்கும் கனிமம். கதிரியக்கமற்றது என்ற வகையில் சேர்க்கிறார்கள். மலையைத் தோண்டாமல் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்திக் கீழே வழியும் நீரில் கனிமத்தைப் பிடிப்பது முறை. மரத்தைக் குறைவாக வெட்டலாம் என்பது அதன் சாதகம். செலுத்திய கரைசல் அத்தனையும் திரும்பக் கிடைக்கிறதா, அடுத்த மழைக்கு ஓடையில் சேர்கிறதா என்பது அதன் சந்தேகம். மியன்மாரின் வடக்கு மலைகளில் இதே முறை ஓடைகளையும் சரிவுகளையும் என்ன செய்திருக்கிறது என்பதை உலகம் பார்த்திருக்கிறது. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய காந்தங்கள் இந்தக் கனிமத்திலிருந்து வருவதால் எதிர்ப்பவர்களுக்கும் தர்மசங்கடம். பசுமைக்காகவே மலையைக் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் பிரதமர் அன்வார் இப்ராகிம், பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்வதற்குத் தடை வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். லாபத்தின் பெரும்பங்கு நாட்டுக்குள் தங்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஈயத்தில் நாம் செய்யத் தவறியது அது.

ஆனால் அது கணக்கின் வரவுப் பக்கம் மட்டும். செலவுப் பக்கத்தில் அமெரிக்கா 1977-இலேயே நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு விதி போட்டது: நிலத்தைச் சீர்செய்ய எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகைக்கு முன்கூட்டியே பிணை கட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்; சீர்செய்த நிலத்தைச் சோதித்த பிறகே பிணை திரும்பும். நிறுவனம் திவாலானாலும், பெயர் மாற்றிக்கொண்டாலும், கைமாறினாலும் பணம் அங்கேயே இருக்கும். கெனெரிங்கிலிருந்து வழியும் நீர் பேராக் ஆற்றில் சேர்ந்து லெங்கோங், கோலகங்சார் வழியாகக் கீழே போகிறது. வழியெல்லாம் அதைக் குடிப்பவர்களும் அதில் மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். உலு பேராக்கில் எடுக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் சீரமைப்புக்கென்று கட்டப்படும் வைப்பு எவ்வளவு, அது யார் பெயரில் எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது, நிறுவனம் போனபிறகு எத்தனை ஆண்டு அந்த ஓடைநீரைச் சோதிக்கப்போகிறார்கள், சோதனை முடிவை யார் வெளியிடுவார்கள்: இந்த நான்கையும் ஈப்போவில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தில் எந்தக் கட்சி உறுப்பினரும் எழுத்துமூலம் கேட்கலாம். அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கலாம்.